அவசர சிகிச்சைப் பிரிவு: கட்டி முடித்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், பிற்பகல் அமர்வில் கட்டடவியல் பிரிவின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாப்பாட்டுக்கு அடுத்த நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாயசம் இரண்டு தரம் வாங்கியவர்கள் கண் அசந்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செயலாளர் என்னிடம், "நீ ஆஸ்பத்திரி கட்டுறவன். ஏதாவது உபயோகமா பேசுப்பா. ஹாஸ்டல் கதையெல்லாம் ராத்திரி வெச்சுக்கலாம்" என்றார். அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்மில் கான்கிரீட் போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். போட்ட அன்றே அதில் கொஞ்சம் எடுத்து க்யூப் வார்க்கிறோம். 7 நாளில் ஒன்றை நசுக்கிப் பார்க்கிறோம், 28 நாளில் இன்னொன்றை நசுக்கிப் பார்க்கிறோம். கல், மணல், கம்பி எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. ஆனால் கட்டடம் முழுசாக எழும்பி, ரிப்பன் வெட்டி, கல்வெட்டு திறந்து, கடைசி பில்லும் வாங்கிய பிறகு, அந்தக் கட்டடம் தன் வேலையைச் செய்கிறதா என்று நாம் போய்ப் பார்க்கிறோமா? நான் 20 வருஷம் பார்க்கவில்லை. பார்க்க வைத்தது ஒரு ராத்திரி.

ஆறாம் நம்பர் பெட்

தெற்கே ஒரு ஊரில் நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நான்தான் பிளான் போட்டேன். தரைத்தளத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு, ஆறு படுக்கை. அதற்கு மேலே ஆபரேஷன் தியேட்டர். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அதோடு அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அந்த ஊரிலேயே இருந்த என் சித்தப்பாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறல். நான் ஒரு கல்யாணத்துக்காக அவர் வீட்டில் தங்கியிருந்தேன். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

முதலில் போர்டிகோ. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று எதிரே மூன்று படி வைத்திருந்தேன். சாய்தளம் பக்கவாட்டில். அந்தச் சாய்தளத்தின் அடியில் வரிசையாக மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நானும் வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் சித்தப்பாவைக் கைத்தாங்கலாகப் படியில் ஏற்றினோம். மூச்சுத் திணறுகிறவருக்கு மூன்று படி என்பது மூன்று மாடி மாதிரி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே போனால் முதலில் பதிவு கவுண்டர். அதைத் தாண்டிக் காத்திருப்போர் கூடம். அப்புறம் ஒரு கதவு, ஒரு இடது திருப்பம், காரிடார். காரிடார் 2.4 மீட்டர் அகலம் வைத்திருந்தேன், விதிப்படி. அந்த 2.4 மீட்டரில் ஒரு பக்கம் இரும்பு பீரோ 45 சென்டிமீட்டர். மறுபக்கம் நாற்காலி வரிசை 60 சென்டிமீட்டர். மீதி எவ்வளவு? கணக்கு உங்களுக்குத் தெரியும். இரண்டு ஸ்ட்ரெச்சர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். திருப்பத்தில் வார்டு பாய் எங்கள் ஸ்ட்ரெச்சரை முன்னும் பின்னுமாக இரண்டு முறை அசைத்துத்தான் திருப்பினார்.

ஐந்து படுக்கையும் நிறைந்திருந்தது. ஆறாவது காலி. சித்தப்பாவை அதில் போட்டு, ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டு, டாக்டர் அடுத்த கேஸுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. முகமூடி நழுவிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றதால் கத்தினேன். சிஸ்டர் ஓடி வந்தார், டாக்டர் ஓடி வந்தார், காப்பாற்றிவிட்டார்கள்.

சிஸ்டரின் மேஜை பத்து அடி தூரத்தில்தான் இருந்தது. அவர் தூங்கவில்லை, பேசிக்கொண்டும் இருக்கவில்லை. வேலை செய்துகொண்டுதான் இருந்தார். ஆனால் மேஜைக்கும் ஆறாம் நம்பர் படுக்கைக்கும் நடுவே இரண்டு அடிச் சதுரத் தூண் ஒன்று நின்றது. மேலே தியேட்டருக்காக நான் நிறுத்திய தூண்.

விடிந்த பிறகு அந்த சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஆமா சார், இதை நாங்க மறைவு பெட்டுன்னுதான் சொல்லுவோம். சீரியஸ் கேஸை இங்கே போடாதீங்கன்னு புதுசா வர்றவங்க கிட்டே முதல்லயே சொல்லிடுவோம். நேத்து வேற வழியில்லை" என்றார். பிறகு அவரே, "யார் சார் இதைக் கட்டினது?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய், "நான்தான்ம்மா" என்றேன்.

நண்பர்களே, இதில் என்னைச் சுட்டது தூண் இல்லை. தப்பு எல்லோரும் செய்வதுதான். மூன்று வருஷமாக அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தத் தப்பு தெரியும். பெயர்கூட வைத்துவிட்டார்கள். கட்டிய எனக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் நான் போய்க் கேட்கவில்லை.

புதிய யோசனை அல்ல

கட்டடத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு போய் அளந்து பார்ப்பது என்பது நான் கண்டுபிடித்ததில்லை. கட்டடக் கலைஞர்கள் மத்தியில் இது தனிப் பாடமாகவே இருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே ஒரு அம்மையார் இதைச் செய்து காட்டினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கோடு நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

கிரிமியப் போரில், துருக்கியின் ஸ்குட்டாரியில் ஒரு ராணுவக் குடியிருப்பை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். 1855 பிப்ரவரியில் அங்கே இறப்பு நூற்றுக்கு 42 வரை போனது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது, காற்றோட்டம் இல்லை. மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி செய்தது. ஜூன் வாக்கில் இறப்பு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. நைட்டிங்கேல் ஊர் திரும்பிய பிறகு அந்த எண்களையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, சிப்பாய்களைக் கொன்றதில் குண்டுக் காயத்தைவிட நோய்க்கும், அதற்குள் கட்டடத்துக்கும் பெரிய பங்கு இருந்தது என்று படம் வரைந்து காட்டினார். அவருடைய பெருமை விளக்கில் மட்டும் இல்லை, கணக்கு நோட்டிலும் இருக்கிறது.

சாக்பீஸும் கைக்கடிகாரமும்

சரி, போய் எதைப் பார்ப்பது? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். டேப், சாக்பீஸ், கைக்கடிகாரம், கட்டடத்தின் பிளான் நகல் ஒன்று. இவை போதும்.

முதலில், நோயாளி வரும் வழி. ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, கேட்டிலிருந்து கடைசிப் படுக்கை வரை தள்ளிக்கொண்டு போங்கள். எத்தனை மீட்டர், எத்தனை திருப்பம், எத்தனை கதவு, எத்தனை வாசல்படி மேடு என்று எழுதுங்கள். என் கட்டடத்தில் 41 மீட்டர், மூன்று திருப்பம், நான்கு கதவு வந்தது. சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவில் இருக்கிறதா பாருங்கள். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று அதைச் சுருக்கினால், தள்ளுகிற வார்டு பாயின் முதுகு அந்தச் சுருக்கத்துக்கு விலை கொடுக்கும்.

நம் ஊரில் இன்னொன்று. 2008இல் 108 வந்த பிறகு ஆம்புலன்ஸில் வருவது பெருகியிருக்கிறது. ஆனாலும் ஆட்டோவில், காரில், இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு மட்டும் வாசல் வைத்தால் போதாது. ஆட்டோ வந்து நின்றால் இறக்குவதற்கு ஆளும் ஸ்ட்ரெச்சரும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

வழியின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பின்லாந்திலிருந்து ஒரு உதாரணம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட, வாசலில் நுழைந்ததிலிருந்து 1998இல் சராசரியாக 105 நிமிடம் ஆனது. 2003இல் 60 நிமிடம். 2011இல் 20 நிமிடம். மூளைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பதால் இது சாதாரண விஷயமில்லை. செய்த காரியங்களில் ஒன்று, சி.டி. ஸ்கேன் கருவியை அவசரப் பிரிவுக்கே கொண்டு வந்தது. நோயாளியைப் படுக்கையில் போட்டு எடுத்துப் போகாமல், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேனுக்குத் தள்ளினார்கள். அங்கேயே ஊசி. இடத்தை மாற்றியதோடு ஆம்புலன்ஸிலிருந்து முன்கூட்டியே தகவல் சொல்வது போன்ற ஏற்பாடுகளும் சேர்ந்துதான் இந்தப் பலன் வந்தது. கட்டடம் மட்டும் செய்துவிட்டது என்று நாம் மார்தட்டக் கூடாது. ஆனால் ஸ்கேன் அடுத்த பிளாக்கில் இருந்திருந்தால் எந்த ஏற்பாடும் அந்த அளவுக்குப் பலித்திருக்காது.

இரண்டாவது, சிஸ்டர் உட்காரும் நாற்காலி. அதில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை நோயாளியின் முகம் தெரிகிறது? கால் தெரிந்தால் போதாது, முகம் தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு தலையணைக்கும் ஒரு சணல் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். கயிறு தூணில் முட்டினால் பார்வையும் முட்டும். நம் அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்புப் பகுதி கண்ணுக்கு நேரே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சுவரில் சிவப்பு பெயிண்ட் அடிப்பது எளிது. அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஜாங்கிரி. சிரிக்காதீர்கள். பிளான் நகலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சிஸ்டர் ஒரு மணி நேரம் எங்கெல்லாம் நடக்கிறார் என்று பென்சிலை எடுக்காமல் கோடு இழுங்கள். மருந்து அலமாரிக்கு, படுக்கைக்கு, கை கழுவும் தொட்டிக்கு, போனுக்கு, மறுபடியும் அலமாரிக்கு. கடைசியில் தாளைப் பார்த்தால் அசல் ஜாங்கிரி. கோடு எங்கே தடித்துக் கிடக்கிறதோ அங்கே நாம் ஏதோ ஒன்றை எட்டத்தில் வைத்திருக்கிறோம். என் கட்டடத்தில் கை கழுவும் தொட்டி ஒன்றே ஒன்று, அதுவும் மூலையில். அவசரத்தில் ஓடுகிறவர் ஒவ்வொரு தரமும் மூலைக்குப் போய் வருவாரா? போகாதது அவர் குற்றம் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறோம். தொட்டியை அங்கே வைத்தது யார் குற்றம்?

உடன் வந்தவர்கள்

நம் ஊரில் ஒரு நோயாளியோடு ஐந்து பேர் வருவார்கள். அது நம் பண்பாடு, அதைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் நிற்க இடம் வைத்தோமா என்பதே கேள்வி. வைக்காவிட்டால் அவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். டாக்டர் கத்துவார். அவர்கள் பதிலுக்குக் கத்துவார்கள்.

அடிதடிக் கேஸ் என்றால் இன்னும் விசேஷம். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள், இரண்டு கட்சி ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். வெளியே தொடங்கியதை உள்ளே தொடர்வார்கள். காத்திருக்கும் இடம் இரண்டாக இருந்து, நடுவில் ஒரு சுவர் இருந்தால் பாதிச் சண்டை குறையும். எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இதை நான் பார்த்ததில்லை. ஒரு ஏட்டையா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கோபம் எங்கே பிறக்கிறது என்று இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். டிசைன் கவுன்சில் என்ற அமைப்பும் அந்நாட்டுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, அவசரப் பிரிவில் நடக்கும் வன்முறையைக் குறைக்க வழி தேடினார்கள். பெரும்பாலும் ஜனங்களுக்குக் கோபம் வருவது, என்ன நடக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், எனக்குப் பின்னால் வந்தவர் ஏன் முன்னால் போகிறார் என்பது தெரியாததால்தான். அதனால் நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அடுத்தது என்ன என்பதை விளக்கும் பலகைகளை வாசல் முதல் படுக்கை வரை வைத்துச் சோதித்தார்கள். 2013இல் மதிப்பீடு வெளியானது. பலகை பார்த்ததால் எரிச்சல் குறைந்தது என்று நோயாளிகளில் 75 சதவீதம் பேர் சொன்னார்கள். மிரட்டும் விதமான நடத்தை பாதியாகக் குறைந்தது. செலவழித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் மூன்று பவுண்டு லாபம் என்று கணக்கும் காட்டினார்கள். வைத்ததோடு போகாமல், வைத்த பிறகு அளந்தார்கள் பாருங்கள், அதனால்தான் நமக்கு இது தெரிகிறது.

இன்னொரு இடமும் வேண்டும். அதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. "காப்பாற்ற முடியவில்லை" என்று சொல்வதற்கு ஒரு இடம். நம் ஆஸ்பத்திரிகளில் அது பெரும்பாலும் காரிடாரில், நாலு பேர் போகிற வருகிற வழியில் நடக்கிறது. கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை, நாலு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர், கூடவே சொல்கிற டாக்டர் வெளியேற இன்னொரு வழி. பத்துக்குப் பத்து அடி போதும்.

ஒரே நாளில் அறுநூற்று நாற்பது பேர்

சாதாரண நாளுக்கு ஒரு கணக்கு, கூட்டம் குவிகிற நாளுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

1995 மார்ச் 20ஆம் தேதி டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற விஷவாயுவைப் பரப்பினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பக்கத்தில் இருந்த செயின்ட் லூக் மருத்துவமனைக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரையும் அவர்களால் வைத்துப் பார்க்க முடிந்தது. காரணம், அதன் தலைவராக இருந்த டாக்டர் ஹினோஹாரா. 1945இல் டோக்கியோவில் குண்டு வீசப்பட்டபோது இடமில்லாமல் தவித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதனால் 1992இல் திறந்த புதிய கட்டடத்தில், காரிடார் சுவர்களிலும் பிரார்த்தனைக் கூடத்திலும்கூட ஆக்சிஜன் குழாய் முனைகளைப் பதிக்கச் சொன்னார். பிரார்த்தனைக் கூடத்துக்கு எதற்கு ஆக்சிஜன் என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். மூன்றே வருஷத்தில் பதில் கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. நோயாளிகளின் துணியிலிருந்து விஷவாயு மெல்ல மெல்லக் கசிந்தது. பிரார்த்தனைக் கூடத்தில் காற்றோட்டம் போதவில்லை. பிறகு ஊழியர்களைக் கேட்டு எழுதினார்கள். பதில் தந்த 472 பேரில் 110 பேருக்குக் கண் மங்கல், தலைவலி போன்ற தொல்லைகள் வந்திருந்தன. பிரார்த்தனைக் கூடத்தில் வேலை செய்தவர்களுக்கே விகிதம் அதிகம். ஆக, உலகமே மெச்சிய ஒரு கட்டடத்திலும் ஒரு குறை இருந்தது. அதை அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான், விஷம் பட்டவரை உள்ளே விடும் முன் வெளியிலேயே உடை மாற்றிக் குளிப்பாட்ட இடம் வேண்டும் என்பது மற்றவர்களுக்கும் அழுத்தமாகப் புரிந்தது.

நமக்கும் 2021 மே மாதம் மறக்காது. சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை கிடைக்கும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த வாசல்வெளியே வார்டு ஆனது. இன்றைக்கு நாம் போடும் புதிய பிளானில் போர்டிகோ கூரையின் கீழே நான்கு ஆக்சிஜன் முனையும், மின் இணைப்பும், வெளிச்சமும் வைக்க என்ன செலவாகிவிடும்?

ராத்திரியில் போங்கள்

இந்தப் பரிசோதனையைக் காலை பத்து மணிக்குச் செய்தால் பாதிதான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் போங்கள். போர்டு எரிகிறதா? ரோட்டிலிருந்து எந்த வாசல் என்று தெரிகிறதா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை எந்த விளக்கு எரிகிறது? சிஸ்டர்களுக்குக் கழிப்பறை எங்கே, எவ்வளவு இருட்டில் நடக்க வேண்டும்?

டியூட்டி டாக்டர் எங்கே படுக்கிறார் என்றும் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் இரவுப் பணியில் இருந்த ஒரு இளம் பெண் மருத்துவர் ஓய்வெடுக்கப் போன இடம் ஒரு கருத்தரங்க அறை. அங்கேதான் அவருக்கு அந்தக் கொடுமை நடந்தது. கொலை செய்தவனின் குற்றத்தைக் கட்டடத்தின் மேல் நான் ஏற்றவில்லை. ஆனால் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை ஒன்றை நாம் பிளானில் போட்டோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவைக் குறைக்கச் சொன்னால் நாம் முதலில் வெட்டுகிற அறை அதுதான். நானும் வெட்டியிருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று கெடும். எல்லா முகமும் தெரிய வேண்டும் என்று திறந்து வைத்தால் பெண் நோயாளிக்கு மறைவு போய்விடும். தனித்தனி அறையாகத் தடுத்தால் என் சித்தப்பா கதைதான். கழுத்தளவு தடுப்பா, திரைச்சீலையா, கண்ணாடியா என்பதை நாம் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, தற்காலிகமாக வைத்துப் பார்த்து, பிறகு நிரந்தரமாக்க வேண்டும். சாக்பீஸில் தரையில் கோடு போட்டுக் காலியான அட்டைப்பெட்டியை அடுக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

என் கட்டடத்துக்கு என்ன ஆனது?

நிர்வாகத்திடம் போய் என் தப்பை ஒப்புக்கொண்டேன். பெரிய மனது, கோபிக்கவில்லை. தூணை எடுக்க முடியாது, மேலே தியேட்டர் நிற்கிறது. அதனால் சிஸ்டரின் மேஜையை எட்டு அடி நகர்த்தினோம். ஆறாம் நம்பர் படுக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரிடார் பீரோவையும் காலி ஸ்ட்ரெச்சர்களையும் வைத்தோம். ஐந்து படுக்கைதான் மிச்சம், ஆனால் ஐந்தும் கண்ணில் படும். போர்டிகோவின் எதிர்ப்படியை இடித்துச் சாய்தளத்தை முன்னால் கொண்டு வந்தோம். பதிவு கவுண்டரை ஓரம் ஒதுக்கி, நோயாளி முதலில் உள்ளே, சீட்டு பிறகு என்று மாற்றினோம். கை கழுவும் தொட்டி இரண்டு கூடியது. மோட்டார் சைக்கிளுக்குத் தனி இடம். வேலை மூன்று வாரம். செலவு, திறப்பு விழாப் பந்தலுக்கு ஆனதைவிடக் குறைவு.

ஆறு மாதம் கழித்து மறுபடி போய் அளந்தேன். 41 மீட்டர் 27 ஆகியிருந்தது, நான்கு கதவு இரண்டாகியிருந்தது. பீரோ மட்டும் காரிடாருக்கே திரும்பி வந்திருந்தது! ஏனென்று கேட்டால், மருந்து ஸ்டோர் தூரமாம். அதையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "ஊரெல்லாம் தூண் நடுறான், எனக்கும் அந்த சிஸ்டர் பொண்ணுக்கும் நடுவுலயும் ஒண்ணு நட்டுட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

இந்தக் கூட்டத்தில் பொதுப்பணித் துறையில் இருப்பவர்கள் உண்டு, சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பவர்கள் உண்டு, சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்பா அம்மா பெயரில் ஒரு வார்டு கட்டிக் கொடுக்க நினைப்பவர்களும் உண்டு. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. பணம் ஒரு தடையாக இருக்கக் கூடாது என்பது நோக்கம். படியும் தூணும் தடையாக இல்லாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, பிளான் போடும் முன் சிஸ்டரையும் வார்டு பாயையும் ஆயாவையும் கூப்பிட்டு, சாக்பீஸ் கோட்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். இரண்டு, ஒப்பந்தம் எழுதும்போதே ஆறு மாதத்தில் ஒரு முறை, ஒரு வருஷத்தில் ஒரு முறை திரும்பி வந்து அளப்பதற்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். 28ஆம் நாள் க்யூப் டெஸ்ட் மாதிரி அதுவும் வழக்கமாகட்டும். மூன்று, கண்ட குறையை எழுதி நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் இன்று சொன்னதைப் போல. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்தவர் அதே இடத்தில் தூண் வைக்க மாட்டார்.

நாம் எல்லோரும் அறுபதைத் தொட்டுக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருக்கிறோம். இனி அந்த வாசலில் அடிக்கடி நுழையப் போவது நாம்தான். ஸ்ட்ரெச்சரில் படுத்து மேலே பார்த்துக்கொண்டு போகும்போது, "யார் கட்டினது இதை?" என்று நமக்கே கேட்கத் தோன்றும். அப்போது நல்ல பதில் கிடைக்க வேண்டும்.